ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், ஏற்காட்டில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

'சட்டமும் தமிழும்' என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. தலைப்பு பெரிது, நேரம் சிறிது. ஆகையால் அதன் ஒரு மூலையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சட்டம் படித்து முடித்த ஓர் இளைஞரோ இளம்பெண்ணோ மூத்த வழக்கறிஞர் ஒருவரிடம் சென்று சேர்ந்து தொழில் பழகும் காலம் இருக்கிறதே, அக்காலத்தைப் பற்றிப் பேச விரும்புகிறேன். நான் வழக்கறிஞர் அல்லேன், தமிழ் கற்பிப்பவள். ஆயினும் என்னிடம் இளங்கலைத் தமிழ் பயின்ற மாணவி ஒருத்தி பின்னர்ச் சட்டம் பயின்று, இன்று சேலம் நீதிமன்றத்தில் ஜூனியராக இருக்கிறாள். அவள் வழியாக நான் அறிந்தவையும், அவள் கேட்ட கேள்விகளுக்கு விடை தேடி நூல்களைப் புரட்டியபோது கண்டவையுமே இவ்வுரைக்குப் பொருள்.

'வழக்கு' என்னும் சொல்லிலிருந்து தொடங்குவோம். இலக்கணம் கற்ற நமக்கு வழக்கு என்றால் மக்கள் பேசும் முறை. தொல்காப்பியப் பாயிரம் வழக்கையும் செய்யுளையும் ஒருங்கே வைத்து நோக்குகிறது. உலக வழக்கு, இயல்பு வழக்கு, தகுதி வழக்கு என்றெல்லாம் நாம் வகுப்பறையில் பிரித்துச் சொல்கிறோம். நீதிமன்றத்தில் இருப்பவர்க்கோ வழக்கு என்பது முறையீடு. ஒரே சொல் எப்படி இவ்விரண்டு பொருளையும் தாங்குகிறது? நெடுங்காலமாக மக்களிடை வழங்கிவருவது எதுவோ அதுவே மொழிக்கும் அளவுகோல், உரிமைக்கும் அளவுகோல் என்று நம் முன்னோர் கொண்டிருக்க வேண்டும் என்பது என் துணிபு. சொல்லாராய்ச்சி வல்லார் இதனை மறுக்கக்கூடும். மறுத்தால் கேட்டுக்கொள்கிறேன்.

தமிழில் வழக்காடும் காட்சி என்றவுடன் அனைவரும் மதுரைக்கு ஓடுவார்கள். கண்ணகி தன் வழக்கைத் தானே உரைத்தாள்; தடயத்தைத் தானே உடைத்துக் காட்டினாள்; தீர்ப்பும் அப்பொழுதே கிடைத்துவிட்டது. அங்கே வழக்கறிஞருக்கும் வேலையில்லை, அவருடைய ஜூனியருக்கும் வேலையில்லை. ஆகவே நான் மதுரைக்குச் செல்லாமல் திருவெண்ணெய்நல்லூருக்குச் செல்கிறேன்.

பெரியபுராணத்தில் தடுத்தாட்கொண்ட புராணத்தை நீங்கள் அறிவீர்கள். மணப்பந்தலில் வந்து நின்ற முதியவர், 'இவன் எனக்கு வழிவழி அடிமை' என்கிறார். சுந்தரர் அவர் கையிலிருந்த ஓலையைப் பறித்துக் கிழித்து எறிகிறார். கிழிபட்டது படி ஓலை; மூல ஓலை வெண்ணெய்நல்லூரில் இருக்கிறது என்கிறார் முதியவர். வழக்கு அவ்வூர் அவைக்குப் போகிறது. அவையோர் என்ன கேட்கிறார்கள்? ஆட்சியால் காட்டு, ஆவணத்தால் காட்டு, அல்லது அயலார் காட்சியால் காட்டு என்று மூன்று வழிகளைத் திறந்து வைக்கிறார்கள். அனுபவித்து வருதல், எழுத்து, பிறர் சாட்சி என்பன அவை. பின்னர்க் கரணத்தான் ஓலையை வாங்கிப் படிக்கிறான். பாட்டனாரின் கையெழுத்து மெய்தானா என்று பார்க்க, காப்பில் இருந்த வேறோர் ஓலையை வருவித்து எழுத்தோடு எழுத்தை ஒப்புநோக்குகிறார்கள். எழுத்து ஒத்திருக்கிறது. சுந்தரர் வழக்கில் தோற்கிறார். அசலும் நகலும், கையெழுத்து ஒப்பீடும், ஆவணக் காப்பும் அத்தனையும் அங்கே உண்டு. சேக்கிழார் சோழ அரசில் உயர்பதவி வகித்தவர் என்பது இப்பகுதியைப் படிக்கும்போது தானாகவே நினைவுக்கு வரும்.

இந்த மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு சேர்வராயன் மலையைச் சுற்றிப் பாருங்கள். இங்கு வாழும் மலையாளிகள், கேரளத்தாரோடு பெயரொற்றுமை தவிர வேறு தொடர்பில்லாத தமிழ் பேசும் பழங்குடியினர். காஞ்சியிலிருந்து புறப்பட்டு வந்த உடன்பிறந்தார் மூவரின் வழியினர் தாங்கள் என்பது அவர்கள் சொல்லும் தொன்மம். அம்மூவரில் மூத்தவர் வழியினரே இம்மலைக்கு உரியவர் என்பர். 1820களில் சேலத்தில் ஆட்சியராக இருந்த காக்பர்ன் இம்மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். தோட்டங்கள் வளர்ந்தன, அளவைக் கற்கள் நடப்பட்டன, காடு அரசின் காடாயிற்று. தோட்டத்தாரிடம் ஆவணம் இருந்தது, அரசிடமும் இருந்தது. மலைமக்களிடம் இருந்தது ஆட்சி மட்டுமே. மூன்றாவதாகிய அயலார் காட்சி ஊர்ப் பெரியோரின் வாயில் இருந்தது. அதை எழுதி வைப்பார் இல்லை.

2006இல் வன உரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்கீழ் அமைந்த விதிகள் 2008 சனவரியில் நடைமுறைக்கு வந்தன. 2005 டிசம்பர் 13ஆம் நாளுக்கு முன்பிருந்தே வனநிலத்தில் வாழ்ந்தும் உழுதும் வரும் பழங்குடியினர், குடும்பத்துக்கு நான்கு எக்டேர் வரை உரிமை கோரலாம். கோரிக்கையை முதலில் கேட்பது கிராம சபை. எவை எவை சான்றாகும் என்று அவ்விதிகள் வரிசைப்படுத்தும் இடத்தை என் மாணவி எனக்குப் படித்துக் காட்டினாள். அரசு ஆவணங்கள் வருகின்றன, அது ஆவணம். வரப்பு, சமன்செய்த நிலம், தடுப்பணை, பழைய கிணறு, இடுகாடு, வழிபடும் இடம் வருகின்றன; அது ஆட்சி. உரிமை கோருபவர் அல்லாத பிற முதியோரின் வாக்குமூலம், எழுத்தில் வடிக்கப்பட்டது, என்று வருகிறது. அதுவன்றோ அயலார் காட்சி? 'அம்மா, இது சேக்கிழார் சொன்னது அல்லவா?' என்று அவள் தொலைபேசியில் கேட்டபோது, தமிழ் படித்தவள் சட்டம் படிக்கப் போனதில் ஒரு நன்மை உண்டு என்று எனக்குத் தோன்றியது. ஒன்றுக்கு மேற்பட்ட சான்று வேண்டும் என்பதும் அவ்விதிகளில் இருக்கிறது. ஆகவே வரப்பைக் காட்டிவிட்டு மட்டும் இருந்துவிட முடியாது. யாரேனும் ஒருவர் அமர்ந்து முதியவர் சொல்வதைக் கேட்டு எழுத வேண்டும்.

அந்த 'யாரேனும் ஒருவர்' எப்படி உருவாகிறார் என்பதற்கு இப்போது வருகிறேன்.

பவணந்தி முனிவர் நன்னூற் பொதுப்பாயிரத்தில் கற்றலுக்கு ஒரு கணக்குச் சொல்கிறார். ஆசிரியர் உரைத்ததை எவ்வளவு கருத்தோடு கேட்டாலும் மாணவனுக்குக் கால் பங்குதான் வாய்க்கும். அதே வினையில் ஈடுபட்டிருப்பவரோடு பழகுவதால் மற்றொரு கால் கிடைக்கும். தான் கற்றதைப் பிறர்க்குச் செவ்வையாக எடுத்துரைக்கும்போதுதான் எஞ்சிய அரைப் பங்கு நிறையும். இக்கணக்கை நான் ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லி வருகிறேன். வழக்கறிஞர் தொழிலைப் போல் இது பொருந்திவரும் வேறு துறையை நான் காணவில்லை. சட்டக் கல்லூரி தருவது கால். மூத்தவர் அலுவலகத்தில், அவ்வினையாளரோடு, கிடைப்பது இன்னொரு கால். நீதிபதி முன் நின்று வாய் திறக்கும்போதும், தன்னை நம்பி வந்தவருக்கு அவர் மொழியில் விளக்கும்போதும் கிடைப்பது மீதி.

சென்னை உயர் நீதிமன்றம் 1862இல் தோன்றியது. அதனைச் சூழ்ந்து வளர்ந்த வக்கீல் மரபு முழுதும் குரு சீட மரபே. அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் பி.ஆர். சுந்தரமையரிடம் தொழில் பழகினார். சி.பி. இராமசாமி ஐயர் வி. கிருஷ்ணசாமி ஐயரிடம் பழகினார். 1907இல் பாரதியாரின் சுதேச கீதங்களை அச்சிட்டு வழங்கியவர் இந்தக் கிருஷ்ணசாமி ஐயர்தாம் என்பதைக் கவிஞர்களாகிய உங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. ஆயினும் ஒரு வக்கீலின் பணப்பை கவிதைக்குத் திறந்த நிகழ்ச்சி அரிதாகையால் சொல்லி வைக்கிறேன். இதற்கு விலக்காகவும் ஒருவர் நம் சேலத்தில் இருந்தார். சி. விஜயராகவாச்சாரியார் எந்தச் சட்ட வகுப்பிலும் அமராமல் தாமே படித்துத் தேறி 1881இல் வக்கீலானார். அடுத்த ஆண்டே சேலம் கலகத்தைத் தூண்டியதாகக் குற்றம் சாட்டப்பட்டுப் பத்தாண்டு நாடுகடத்தல் தண்டனை பெற்றார். உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. பிறர் மூத்தவரிடம் பழகிக் கற்றதை அவர் குற்றவாளிக் கூண்டில் நின்று கற்றார் எனலாம்.

பெண்களுக்கு இக்கதவு திறந்தது காலந்தாழ்ந்தே. பெண்களும் வழக்குரைக்கலாம் என்று சட்டம் சொன்னது 1923இல். சென்னை மாகாணத்தில் முதன்முதலாகச் சட்டப் பட்டம் பெற்ற ஆனந்தாபாய் என்னும் பெண்மணி, வி.வி. சீனிவாச ஐயங்காரிடம் தொழில் பழகி 1929இல் பதிவு செய்துகொண்டார். அந்த அலுவலகத்தில் அவருக்கு எந்த நாற்காலி கொடுக்கப்பட்டது, குமாஸ்தாக்கள் அவரை எப்படி அழைத்தார்கள் என்றெல்லாம் அறிய எனக்கு ஆசை. நம் புதின ஆசிரியர்களில் யாரேனும் அதை எழுதலாம்.

விதிகளின் வரலாற்றை விரைந்து கடக்கிறேன். 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர் சட்டம் தொடக்கத்தில் பயிற்சியையும் தேர்வையும் கட்டாயமாக்கியிருந்தது. 1973ஆம் ஆண்டுத் திருத்தம் அவற்றை நீக்கியது. 1995இல் அகில இந்திய வழக்கறிஞர் மன்றம் ஓராண்டுப் பயிற்சியை விதியாக மீண்டும் கொண்டுவந்தது. 1999இல் உச்ச நீதிமன்றம் அவ்விதி செல்லாது என்றது. இப்போது இருப்பது 2010இல் அறிவிக்கப்பட்ட அகில இந்தியத் தேர்வு மட்டும். 2023இல் அரசியல் சாசன அமர்வு அத்தேர்வு செல்லும் என உறுதி செய்தது. உரிமையியல் நீதிபதி பதவிக்கு விண்ணப்பிக்க மூன்றாண்டுத் தொழில் அனுபவம் வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இலங்கைச் சட்டக் கல்லூரியில் ஆறு மாதம் மூத்தவரிடம் பழகினால்தான் சட்டத்தரணியாக முடியும். கனடாவில் நம் புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகள் 'ஆர்ட்டிக்கிளிங்' என்ற பெயரில் மாதக்கணக்கில் அலுவலகப் பயிற்சி பெறுகிறார்கள். நம் நாட்டில் சட்டம் வற்புறுத்தாவிட்டாலும் வழக்கம் வற்புறுத்துகிறது. சீனியர் இல்லாத ஜூனியருக்கு நீதிமன்ற வளாகத்தில் நிற்க நிழல் இல்லை.

சரி, அலுவலகத்துக்குள் நுழைவோம். என் மாணவிக்கு முதல் ஆறு மாதம் வாய்த்த ஆசிரியர் சீனியர் அல்லர், அவருடைய குமாஸ்தா. வழக்குக் கட்டை எப்படிக் கட்டினால் அவிழ்க்கும்போது தாள் கிழியாது, நகல் மனுவை எந்தச் சன்னலில் எத்தனை மணிக்குள் கொடுக்க வேண்டும், எந்த மனுவுக்கு எவ்வளவு கட்டண வில்லை, வாய்தாத் தேதியை நாட்குறிப்பில் எத்தனை இடத்தில் எழுதி வைக்க வேண்டும், டவாலி பெயரைக் கூப்பிடும்போது சீனியர் வேறு கோர்ட்டில் இருந்தால் என்ன சொல்லி எழுந்து நிற்க வேண்டும் என்பவற்றை எல்லாம் பத்தாம் வகுப்பைத் தாண்டாத அந்தப் பெரியவரே கற்றுக்கொடுத்தார். 'பாப்பா, சட்டம் சார்கிட்ட கத்துக்கோ. கோர்ட்டை என்கிட்ட கத்துக்கோ' என்பாராம். வக்காலத்து, பிராது, தாவா, அமீனா, ஜப்தி, ஜாமீன், அசல், நகல் என்று அவர் வாயில் வரும் சொற்களில் பெரும்பாலானவை பாரசீகமும் அரபியும் உருதுவும் வழியாக வந்தவை. நானோ வாதுரை, எதிருரை, பிணை, உறுதிமொழி ஆவணம் என்று கற்பித்து அனுப்பியவள். இரண்டும் அவள் நாட்குறிப்பில் அக்கம்பக்கமாகக் கிடக்கின்றன. எனக்கு இதில் வருத்தம் இல்லை. 1916இல் இதே சேலத்தில் வக்கீலாக இருந்த இராஜாஜி, வேங்கடசுப்பையரோடு சேர்ந்து அறிவியல் கலைச்சொற்களுக்காக ஒரு சங்கம் அமைத்தவர். அவருடைய குமாஸ்தாவும் வாய்தா என்றே சொல்லியிருப்பார்.

சீனியர் கற்றுக்கொடுத்தது வேறொரு கலை. தந்தை இறந்தபின் பாகம் மறுக்கப்பட்ட பெண்ணொருத்திக்காக வாதுரை வரைந்து வருமாறு அவர் சொல்ல, இவள் இரவெல்லாம் விழித்து எழுதிச் சென்றாள். 'வாதி கண்ணீர் மல்கத் தன் உடன்பிறந்தாரிடம் மன்றாடினாள்' என்று ஒரு வரி. அவர் சிவப்புப் பேனாவை எடுத்தார். 'எந்தத் தேதி மன்றாடினாள்? எந்த ஊரில்? யார் பார்த்தார்கள்? கண்ணீருக்கு எந்த நம்பரில் சான்றாவணம் போடப்போகிறாய்?' என்று கேட்டுவிட்டு அடித்துவிட்டாராம். அடித்த இடத்தில் எழுதச் சொன்னது: இன்ன தேதியில், இன்ன ஊரில், இன்னார் முன்னிலையில் பாகம் கேட்டாள், பிரதிவாதி மறுத்தார். மாணவி என்னிடம் வந்து குறைப்பட்டுக்கொண்டாள். நான் அந்தத் தாளை வாங்கி இருமுறை படித்தேன். அடித்துத் திருத்தியதே வலிமையாக இருந்தது. இங்கு அமர்ந்திருக்கும் இளங்கவிஞர்கள் இதனை எப்படி எடுத்துக்கொண்டாலும் சரி.

இத்தகைய பட்டறையில் பழகியவர்கள் தமிழ் உரைநடைக்குச் செய்தது சிறிதன்று. மாயூரம் வேதநாயகம் பிள்ளை திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகத் தொடங்கி, மொழிபெயர்ப்பாளராகி, முன்சீப்பானவர். 1805 முதல் 1861 வரை வந்த சதர் கோர்ட்டுத் தீர்ப்புகளின் சாரத்தைத் தமிழில் தந்து 'சித்தாந்த சங்கிரகம்' என 1862இல் வெளியிட்டார். பதினேழு ஆண்டு கழித்துத்தான் 'பிரதாப முதலியார் சரித்திரம்' வருகிறது. தமிழின் முதல் நாவலை எழுதிய கை, அதற்கு முன்பு தீர்ப்பைத் தமிழாக்கிப் பழகிய கை. தமிழர் வழக்கைத் தமிழறிந்த நீதிபதிமுன் ஆங்கிலத்தில் வாதிடும் வக்கீல்களை அந்நாவலில் அவர் எள்ளி நகையாடியிருப்பதும் அப்பழக்கத்தின் பயனே. கும்பகோணத்தில் வக்கீலாக இருந்தவர் ந. பிச்சமூர்த்தி. புதுக்கவிதை அந்தக் கறுப்புக் கோட்டிலிருந்து எதையேனும் பெற்றதா என்பது ஆய்வுக்குரியது. சேலம் இராமசாமி முதலியார் கும்பகோணத்துக்கு முன்சீப்பாக 1880இல் மாற்றலாகி வராதிருந்தால் உ.வே.சா.வின் கையில் சிந்தாமணி எப்போது வந்திருக்குமோ! நம்மூர்ப் பெயர் தாங்கிய அவரைப் பற்றி வட்டம் ஒரு தனி அமர்வே நடத்தலாம். செயலாளர் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இனி எனக்கு உறுத்தலாக இருக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும். என் மாணவி விடுமுறையில் வந்தபோது சாட்சி வாக்குமூலத்தின் நகல்கள் சிலவற்றைப் பெயர்களை மறைத்துக் காட்டினாள். கீழ்நிலை நீதிமன்றங்களில் அவை தமிழிலேயே பதிவாகின்றன என்பதில் நமக்கு மகிழ்ச்சிதான். ஆனால் நடை எப்படி இருக்கிறது? குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் 'இந்த நிலம் உங்கள் அனுபவத்தில் இருந்ததே இல்லை என்கிறேன்' என்பார். சாட்சி, 'யாரு சொன்னது? என் கையால வெட்டின வரப்புங்க அது' என்பார். தாளில் ஏறுவது என்ன? 'தாவா நிலம் என் அனுபவத்தில் இருந்ததே இல்லை என்று சொன்னால் சரியல்ல.' வினாவும் விடையும் ஒன்றாக உருக்கப்பட்டு, முழுவதும் சாட்சியின் கூற்றாகவே தன்மை இடத்தில் வார்க்கப்படுகிறது. நான் பொய் சொல்கிறேன் என்றால் சரியல்ல. நான் வாதிக்கு வேண்டியவன் என்பதால் இவ்வாறு சொல்கிறேன் என்றால் சரியல்ல. பக்கம் பக்கமாகத் தன்னைத்தானே குற்றம் சாட்டிக்கொண்டு தானே மறுக்கும் ஒரு மனிதர். கூற்று யாருடையது, கேட்போர் யார் என்று அகத்திணையில் அவ்வளவு நுட்பமாகப் பிரித்தறிந்த மொழியில் இப்படி ஒரு நடை. வாக்குமூலத்தை வினாவிடையாக அன்றித் தொடர் உரையாகப் பதிவு செய்வது நடைமுறைச் சட்டத்தின் ஏற்பாடு. இதில் நீதிபதியையோ தட்டச்சரையோ குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் வரப்பு வெட்டிய கை அத்தாளில் இல்லை. சான்றாகக்கூடிய சொல்லே அதுதானே! வாய்க்குள் வந்த உண்மைத் தகவல் 'சரியல்ல' என்ற ஒரு சொல்லுக்குள் மறைந்துபோகிறது. இதை நான் மொழியழகுக்காகச் சொல்லவில்லை. மேல்முறையீட்டில் நீதிபதி படிக்கப்போவது அந்தத் தாளை மட்டுமே.

வன உரிமைக் கோரிக்கையில் முதியோர் வாக்குமூலத்துக்கு இந்த அச்சுவார்ப்புத் தேவையில்லை. அது கிராம சபைக்குப் போவது. ஆனால் அதை எழுதப் போகிறவர் வழக்கறிஞர் அலுவலகத்தில் பழகியவரானால் கை தானாக அவ்வாய்பாட்டுக்குப் போகிறது. சென்ற ஆண்டு என் மாணவி இம்மலையில் ஓர் ஊருக்கு வந்து ஒரு பாட்டியிடம் வாக்குமூலம் எழுதினாள். பக்கத்துக் குடும்பம் எவ்வளவு காலமாக அந்நிலத்தை உழுகிறது என்பது கேள்வி. 'எத்தனை வருசமா பாட்டி?' என்று கேட்டிருக்கிறாள். 'வருசத்தக் கண்டேனா? அவ மாமியா கையிலருந்து அருவா வாங்குன நாளா அவதான் அறுக்கறா' என்றாராம் பாட்டி. அவள் முதலில் எழுதியது: 'நெடுங்காலமாக அனுபவித்து வருகிறார்.' எழுதியதைப் படித்துக் காட்டியபோது பாட்டி, 'நான் அப்பிடியா சொன்னேன்?' என்று கேட்டிருக்கிறார்.

அவள் தாளைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினாள். அரிவாள் கைமாறிய நிகழ்ச்சியை அப்படியே பாட்டியின் சொல்லில் எழுதினாள். பிறகு குமாஸ்தாப் பெரியவர் கற்றுக்கொடுத்த உபாயம்: அந்த மாமியார் இறந்தபோது பள்ளிக்கூடத்துக்குக் கூரையா ஓடா? ஊருக்குச் சாலை வந்துவிட்டதா? சேர்வராயன் திருவிழாவுக்கு முன்பா பின்பா? மருமகளின் மூத்த பிள்ளை அப்போது கைக்குழந்தையா, பள்ளிக்குப் போனானா? அந்தப் பிள்ளையின் பள்ளிச் சான்றிதழைத் தேடி எடுத்தபோது ஆண்டு கிடைத்தது. 2005க்கு வெகு முந்தைய ஆண்டு. பாட்டியின் சொல் ஒரு பத்தி, அதன் கீழே ஆண்டும் சான்றிதழ் எண்ணும் ஒரு பத்தி. கண்ணீரை அடித்துத் தேதி கேட்ட சீனியரின் பாடமும் வேண்டியிருந்தது. அரிவாளை அடிக்காமல் விடும் துணிவும் வேண்டியிருந்தது. இரண்டாவது பாடத்தை அவளுக்கு எந்த அலுவலகமும் சொல்லித் தரவில்லை.

இப்படிப்பட்டவள் இப்போது தொழிலை விடலாமா என்று யோசிக்கிறாள். அவள் வீட்டில் சட்டம் படித்த முதல் ஆள் அவள். தந்தை தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவர். சேர்ந்த நாள் முதல் அவள் பெறுவது பேருந்துக்கும் மதியச் சோற்றுக்கும் சரியாய்ப் போகிறது; சில மாதம் அதுவும் இல்லை. அவள் சீனியரை நான் கொடியவராகச் சொல்லவில்லை. அவரும் தம் சீனியரிடம் வெறுங்கையோடு பத்தாண்டு இருந்தவராம். நான் பட்டேன், நீயும் படு என்பது நம் நாட்டில் எல்லாத் தொழிலிலும் பாடத்திட்டத்தில் சேர்க்கப்பட்ட ஒன்று. முனைவர் பட்ட ஆய்வாளர்களும் அறிவார்கள். 2024 சூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றம் இதில் தலையிட்டது. சென்னை, மதுரை, கோவை ஆகிய நகரங்களில் ஜூனியருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமலும், பிற ஊர்களில் 15,000 ரூபாய்க்குக் குறையாமலும் உதவித்தொகை தரப்பட வேண்டும் என்று சுற்றறிக்கை விடும்படி வழக்கறிஞர் மன்றத்தைப் பணித்தது. சுற்றறிக்கையும் வந்தது. சேலம் இரண்டாம் வகையில் அடங்கும். சீனியரிடம் அந்தத் தாளை நீட்டித் தொகையைக் கேட்கும் ஜூனியர் மறுநாள் எந்த நாற்காலியில் அமர்வது என்பதைச் சுற்றறிக்கை சொல்லவில்லை. தந்தையோ மாமனோ வழக்கறிஞராக இருப்பவர் மூன்று நான்கு ஆண்டு காத்திருக்கலாம். மலையிலிருந்து இறங்கிச் சென்றவளால் முடியாது. நீதிபதித் தேர்வுக்கு மூன்றாண்டு அனுபவம் வேண்டும் என்று ஆன பிறகு இக்காத்திருப்பு இன்னும் கனத்துவிட்டது. அனுபவம் வேண்டும் என்ற தீர்ப்பை நான் ஏற்கிறேன். அனுபவம் பெறும் காலத்தில் அவள் எதைச் சாப்பிடுவாள் என்பதே என் கேள்வி.

ஆகவே வட்டத்தின் முன் ஒரு கோரிக்கை வைக்கிறேன். செயலாளரிடம் முன்கூட்டியே சொல்லியிருக்கிறேன். அவருக்கு முழு உடன்பாடு இல்லை என்பதையும் மறைக்க விரும்பவில்லை. இப்பத்தாம் ஆண்டில் நாம் சேர்த்த நிதியில் சிறந்த கவிதை நூலுக்குப் பரிசு தருவதாக முடிவாகியிருக்கிறது. அப்பரிசை ஓராண்டு தள்ளிவைத்து, அத்தொகையை இம்மலை ஊர்களின் முதியோர் வாக்குமூலங்களை எழுதும் பணிக்குத் தரலாம் என்கிறேன். எழுதுபவர் என் மாணவியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சேலத்தில் அவளைப் போன்ற இளம் வழக்கறிஞர் இன்னும் பலர் இருக்கிறார்கள். கூலியாகத் தரவேண்டும், நன்கொடையாக அன்று. 'இது இலக்கியப் பணியா?' என்று நண்பர் ஒருவர் கேட்டார். சேகரித்த வாக்குமூலங்களை, சொன்னவர் இசைந்தால், வட்டமும் ஒரு படி வைத்துக்கொள்ளலாம். அடுத்த ஆண்டு அதை எடுத்துப் படித்துவிட்டு அவரே விடை சொல்லட்டும். கவிஞர்கள் எதிர்த்து வாக்களித்தாலும் எனக்கு வருத்தமில்லை. பரிசுக்குரிய நூல் எழுதியவர் இவ்வரங்கிலேயே இருக்கக்கூடும். அவருக்கு வருத்தம் இருந்தால் அது நியாயமே.

பணத்தைவிட ஆள் தேவை அதிகம். ஜூனியர் ஒருவர் கேள்வி கேட்டுத் தேதி பிடிக்கும்போது, அருகில் அமர்ந்து முதியவரின் சொல்லை அப்படியே எழுத இன்னொரு கை வேண்டும். இம்மலைப் பேச்சு அறிந்த கை. அதற்கு உங்களைவிடத் தக்கவர் யார்? அடுத்த மாதம் மூன்றாம் ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஏரிக்கரைப் பேருந்து நிறுத்தத்திலிருந்து புறப்பட எண்ணியிருக்கிறோம். கோடு போட்ட நீளத் தாள், மை பரவாத பேனா, அமர ஒரு பாய் போதும். எழுதியதைச் சொன்னவருக்கு முழுவதும் படித்துக் காட்டிய பிறகே கைநாட்டு வாங்க வேண்டும். அவர் 'நான் அப்பிடியா சொன்னேன்?' என்றால் கிழித்துவிட்டு மறுபடி எழுத வேண்டும். வர விரும்புவோர் வாசலில் இருக்கும் ஏட்டில் பெயர் எழுதிச் செல்லுங்கள். போகும் ஊரில் கைபேசி எடுக்காது. வீட்டில் சொல்லிவிட்டு வாருங்கள்.